புல் விதைக்க ஆள் வேண்டும்

கான்சாஸ், 1987 மார்ச்

சேசு மரி சூசையின் காவலில் இருக்கும் பேரன் டேமியனுக்கு, ஒட்டிலியா பாட்டி எழுதுவது.

இங்கே நானும் பூனைகளும் சுகம். நீயும் ரோண்டாவும் குழந்தையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் அப்பனைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. விமானத் தொழிற்சாலையில் ஆளைக் குறைத்துவிட்டார்கள், பெண்டாட்டி சம்பளத்தில் தின்பது தொண்டையில் இறங்கவில்லை, லியாண்டர் குத்தகையை விட்டுவிட்டதால் தாத்தா நிலத்தில் வரும் செப்டம்பரில் நானே கோதுமை விதைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். இரண்டு தரம் படித்தேன். கையெழுத்து உன் அப்பனுடையது மாதிரியே சாய்ந்திருக்கிறது.

வியாழக்கிழமை அரசாங்க விவசாய அலுவலகத்துக்குப் போனேன். நிலத்தை உழாமல் புல் வளரவிட்டால் வருஷா வருஷம் மானியம் கொடுக்கிறார்கள். நம் பக்கம் பாதிப் பேர் வாங்குகிறார்கள். பூசை முடிந்து வரும்போது லியாண்டர்கூட, “இனிமே நமக்கு அறுவடையே வெட்டுக்கிளிதான் ஒட்டிலி, மூட்டை தைக்கிற வேல மிச்சம்” என்று சிரித்தான். பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம். நடுவில் உழுதால் வாங்கியதெல்லாம் வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும். நான் செத்தாலும் அந்தக் கையெழுத்து சாகாதாம். அலுவலகப் பையன் நல்லவன். “உழுறதுக்கு வீட்ல யாராவது வருவாங்களா பாட்டிம்மா, யோசிச்சுப் போடுங்க” என்றான். யாரும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் அப்போது என் கைப்பைக்குள் இருந்தது.

ஏன் என்று உன் அப்பன் கிளமென்ஸைக் கேள். அவன் மழுப்புவான், அதனால் நானே எழுதுகிறேன். கோதுமை மலிந்து, இத்தனை ஏக்கருக்கு மேல் விதைத்தால் மானியம் கிடையாது, மேலே அபராதம் என்று அரசாங்கம் சொன்ன காலம். எல்லோரும் கொஞ்சம் மீறித்தான் விதைத்தார்கள். உன் தாத்தாவும் ஓடைக்குப் பின்னால் விதைத்தார். பத்தொன்பது வயதில் உன் அப்பன் அரசாங்கத்துக்காக வயல் அளக்கும் கூட்டத்தில் அளவுச் சங்கிலி பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். நம் வீட்டு மேசையில் என் கையால் சாப்பிட்டுக்கொண்டே, அளக்கக் கூட வந்த மேலதிகாரியிடம், “ஓடைக்குப் பின்னாடியும் ஒரு வயல் இருக்கு” என்றான். நான் அடுப்பங்கரையில் நின்றேன். பிறகு கேட்டதற்கு, “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா” என்றான்.

அந்த வயலை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பால் பிடித்த கதிர். உன் தாத்தா தன் கையாலேயே உழுது மண்ணுக்குள் தள்ளினார். அழிந்ததா என்று சரிபார்க்க வரப்பில் சங்கிலியோடு நின்றவன் உன் அப்பன். “நல்லா பாத்துக்குங்க சார், ஒரு கதிர்கூட தப்பியிருக்கக் கூடாது” என்றார் தாத்தா. சாகும்வரை பெற்ற பிள்ளையை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். சவப்பெட்டியை மூடுகிறபோது அவன் “அப்பா” என்று அழுதான். காதுள்ளபோது கிடைக்காத மன்னிப்பு அப்போது எங்கிருந்து வரும்.

நீ என்ன பாவம் செய்தாய் என்று ரோண்டா கேட்பாள். ஒன்றும் செய்யவில்லை. ஆனால் உன் கோதுமை விளைந்தால் அதைப் பார்க்க உன் அப்பன் வருவான். அதே வரப்பில் நிற்பான். என் கண் திறந்திருக்கும்வரை அது நடக்காது.

இன்னொன்று. மே மாதத்துக்குள் புல் விதைத்தாக வேண்டுமாம். லியாண்டர் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். அவன் விதைப்பு எந்திரத்தை ஓட்டினால் பாதி விதை பாதையில் கிடக்கும். நீ வந்து விதை. ஊர்க் கூலி எவ்வளவோ அவ்வளவு தருவேன். மாடி அறையில் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாகிவிட்டது. குழந்தைக்குக் கம்பளி போதாவிட்டால் என்னுடையது இருக்கிறது. மழைக்கு முன்னால் வந்துவிடு. புல் பிடிக்கும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போகலாம், அதற்கு இரண்டு வருஷம்கூட ஆகுமாம்.

மாதா உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாற்றட்டும். கிளமென்ஸுக்காக வேண்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கும் சேர்த்து நீயே வேண்டிக்கொள்.

உன் பாட்டி
ஒட்டிலியா