துரை வேலைக்குப் போகிறான்

மார்ச் 3, திங்கள்

என் ஆட்டத்தின் புதுசு வந்துவிட்டது. மாலையில் கிளினிக்கிலிருந்து வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

பழைய ஆட்டத்தை இருபது வருஷமாக ஆடியவள் நான். கல்யாணத்துக்கு முன்பு தங்கச்சியும் நானும் முறை வைத்து ஆடுவோம், முறைக்காக அடித்துக்கொள்வோம். இதில் ஜெயிப்பது, தோற்பது எதுவும் கிடையாது. ஆட்களைச் செய்யலாம், வீடு கட்டலாம், சமைக்க வைக்கலாம், வேலைக்கு அனுப்பலாம், சண்டை மூட்டிவிடலாம். "இதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்பவர்களிடம் நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. இவரும் அப்படிக் கேட்டவர்தான். என்ன செய்ய, கல்யாணமாகிவிட்டது.

புதுசின் விளம்பரத்தில் இரண்டு வாக்கியம். "பழக்கினால் பழகுவார்கள்." சரி. "நீங்கள் இல்லாதபோதும் வாழ்வார்கள்." இதைப் படித்ததும் சுருக்கென்றது. நான் இல்லாதபோது அவர்களுக்கு என்ன வாழ்க்கை வேண்டிக்கிடக்கிறது?

பழைய ஆட்டத்தில் நான் முதலில் செய்வது சுய விருப்பம் என்ற பொத்தானை அணைப்பது. அதன்பின் நிறுத்திய இடத்தில் நிற்பார்கள், சொன்னால்தான் சாப்பிடுவார்கள். புதுசில் அந்தப் பொத்தானே இல்லை. மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டேன். யாரைக் கேட்டு எடுத்தார்கள்?

என்னை மகாராணி என்றும் இவரைத் துரை என்றும் செய்தேன். வழக்கமான பெயர்கள்தான். துரைக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை, தோட்டத்தில் விட்டிருக்கிறேன். முடி பிரமாதம். வெயில் பிரமாதம். சமையலறை அலமாரிகள் மட்டம்.

மார்ச் 5, புதன்

உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. நாற்காலிக்கும் வயசாகிவிட்டது. இறக்கிக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஆட்டத்தைத் திறந்தேன், தோட்டத்தில் துரையைக் காணோம். பார்த்தால் தெருவிலிருந்து வருகிறான். சீருடை, கையில் கருவிப் பெட்டி. பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறானாம்! கடைநிலை ஊழியன். நான் சேர்க்கவில்லை. சத்தியமாக நான் சேர்க்கவில்லை.

நீங்கள் இல்லாதபோதும் வாழ்வார்கள் என்றால் இதுதான் போலிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. இன்று வேலை, நாளை என் வீட்டை விற்றுவிட்டு நிற்பான்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இவர் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் காதில் வாங்கவே மாட்டார். இன்று தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்ன வேலை?"

"உங்க வேலைதான். ரிப்பேர்."

"நல்லதுதானே. சும்மா இருக்கறதுக்கு."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். என்றைக்கு இந்த மனுஷர் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியிருக்கிறார்?

மார்ச் 10, திங்கள்

ஆன்லைனில் ஆட்டத்தின் பழைய ரசிகர்கள் குழுவில் எல்லோரும் புதுசைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். பூனைக்காரி ஒருத்திதான் நிதானம். அவள் வீட்டில் பதினோரு பூனை, எல்லாம் ஆட்டத்தில். என் கருத்தை எழுதினேன்: அழகு இருக்கிறது, அடக்கம் இல்லை.

ஒரு பிழையையும் எழுதினேன். மகாராணி அடுப்படியில் நிற்கும்போது துரை வருகிறான். பக்கத்தில் நிற்கிறான். வாயைத் திறக்கிறான். மூடிக்கொண்டு திரும்பிப் போகிறான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறான், மறுபடி வாயைத் திறக்கிறான், மறுபடி போகிறான். வழியை மறித்துக்கொண்டு இதே வேலை. நான் தோட்டத்துக்கு விரட்டுகிறேன். போகிறான், வருகிறான். ஆட்டம் செய்த கம்பெனிக்குக் காரசாரமாகப் புகார் அனுப்பினேன். விலையைப் பார்த்தால் யானை விலை, வாயைத் திறந்தால் பேசத் தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

துணி துவைக்க எடுத்தேன். இவர் சட்டைக் காலரில் அழுக்கு இல்லை. கிரீஸ் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கறையோடு மல்லுக்கட்டுகிறேன், எந்தச் சோப்புக்கும் மசியாத கறை. இந்த வாரச் சட்டை எல்லாமே பளிச்.

முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

தங்கச்சிக்குப் போன் போட்டேன். ஆட்டத்தைப் பற்றித்தான் பேச நினைத்தேன், சட்டை விஷயம் வாயில் வந்துவிட்டது.

"மாமா சட்டை சுத்தமா இருக்கா? அக்கா, எனக்கு இது சரியாப் படல."

"ஆபீஸ்ல உக்கார வெச்சிருப்பாங்கடி."

"கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரே.

பேச்சை மாற்றினேன். உன் ஆட்களும் நீ இல்லாதபோது ஏதாவது செய்கிறார்களா என்றேன். "என்னுது விட்ட இடத்துலயே நிக்குதுக்கா, மரம் மாதிரி" என்றாள். அவளுக்கு எப்போதும் அப்டேட் போடச் சோம்பேறித்தனம்.

மார்ச் 15, சனி

சமையலறைக் குழாய் சொட்டவில்லை. மாதக்கணக்காகச் சொட்டிய குழாய்.

"எப்பங்க சரி பண்ணீங்க?"

"அது... அன்னிக்கே பண்ணிட்டேனே."

என்றைக்கு? வேலை நாளில் ராத்திரிதான் வீட்டுக்கு வருகிறார், போன சனி ஞாயிறு பேப்பரும் கையுமாக இருந்தார். கல்லுளிமங்கன். நாள் முழுக்க வருகிறவர் போகிறவரையெல்லாம் "வாயை நல்லாத் திறங்க" என்று சொல்வது என் பிழைப்பு. பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்து என்ன பயன், வீட்டில் ஒரு வாயைத் திறக்க முடியவில்லை.

மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "இங்க பாரு, ஒண்ணு" என்று ஆரம்பித்தார். குக்கர் விசில் அடித்தது. நான் துரை செய்யும் அட்டகாசத்தை எடுத்துவிட்டேன். கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார். என்ன ஒண்ணு?

மார்ச் 18, செவ்வாய்

துரைக்குப் பதவி உயர்வு! சுவரில் சான்றிதழ் வேறு தொங்குகிறது.

"துரை டாண்ணு கிளம்பறான். ஒரு நாள் லீவு கிடையாது" என்றேன் இவரிடம்.

"அங்க ஆளை வெளிய அனுப்ப மாட்டாங்களா?"

"ஆட்டத்துல யாரையும் அனுப்ப மாட்டாங்க. நாமளா விட்டாத்தான் உண்டு."

"நல்ல ஊரு" என்றார்.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

குழுவில் துரையின் பிரதாபத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேனா, பூனைக்காரி பதில் போட்டிருக்கிறாள். "நீங்க சொல்ற வசதி இன்னும் வரவே இல்லை. தயாராகலன்னு தள்ளி வெச்சுட்டாங்க. இப்போதைக்கு ஆட்டத்தை மூடினா அப்படியே நிக்கும். உங்க வீட்டுல வேற யாரோ ஆடறாங்க."

கீழே நாலு பேர் சிரித்து வைத்திருக்கிறார்கள். இருபது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொண்டேன் அல்லவா, நன்றாக வேண்டும்.

வேறு யார் ஆடுவார்கள்? பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டை உடைத்து வந்து துரைக்கு வேலை தேடிக் கொடுக்கிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்?

இதை எழுதத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் தரையில் படவில்லை. இறக்கக் கையைக் கீழே கொண்டுபோனபோதுதான் உறைத்தது.

பழுதான நாற்காலி இறங்கும். தானாக எப்படி ஏறும்?

ஏற்றியிருக்கிறார்கள். நெட்டைக் கால் உள்ள யாரோ.

மார்ச் 21, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். படி ஏறும்போது மனசுக்குள் யார் யாரோ வந்துபோனார்கள். தங்கச்சி சொன்னதும் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பொம்பளை இருந்தால் என்ன செய்வது? கையில் குடைதான் இருந்தது. குடை போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாவியை எடுத்தேன். போடவில்லை.

உள்ளே ஆட்டத்தின் சத்தம். துரை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அடிக்கும் சின்ன மணி எனக்கு மனப்பாடம். அதன்மேல் இவர் குரல்.

"எழுந்திரு, எழுந்திரு. கிளம்பு. நேரமாச்சு பாரு."

டிபன் டப்பா மூடி திறக்கும் சத்தம். காலையில் நான் கட்டிக் கொடுத்த டப்பா.

"ம். போயிட்டு வா" என்றார்.

சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன். மத்தியானம் முழுக்க ஒருத்தரிடமும் "வாயைத் திறங்க" என்று என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டரே சொல்லிக்கொண்டார்.

மார்ச் 22, சனி

கோபம் இப்போதுதான் வருகிறது. எத்தனை நாளா இந்த நாடகம்? பையைத் தூக்கிட்டு, ஷூவைத் துடைச்சுப் போட்டுட்டு, "வரேன்"னு சொல்லிட்டு... நான் கிளம்பற வரைக்கும் எந்தப் பார்க்கில, எந்த பஸ் ஸ்டாப்பில உக்காந்திருந்தாரு? என்கிட்ட சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? மாசக் கடைசிவரைக்கும் நான் இழுத்துப் பிடிக்க மாட்டேனா? நான் சம்பாதிக்கலயா?

காலையில் காபி கொடுக்கும்போது கேட்டுவிடுவது என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை. நானாகக் கேட்டால் பிடிபட்ட திருடன் மாதிரி தலையைக் குனிவார். அதை நான் பார்க்கவேண்டாம்.

அப்புறம்தான் அந்தப் பிழை நினைவுக்கு வந்தது. அடுப்படிக்கு வருகிறான், வாயைத் திறக்கிறான், திரும்பிப் போகிறான். பழக்கினால் பழகுவார்கள். யார் பழக்கியது? பகல் முழுக்கத் துரையை மகாராணி முன்னால் நிறுத்தி, "கவலையைச் சொல்" என்ற பொத்தானை அமுக்கி, அவன் வாயைத் திறக்கும்போது ரத்து செய்து, மறுபடி நிறுத்தி, மறுபடி ரத்து செய்து...

ஐயோ. நான் இதற்குப் புகார் எழுதினேனே.

மார்ச் 23, ஞாயிறு

நேற்றும் இன்றும் இவர் பேப்பர் படிக்க, நான் மகாராணிக்குப் பழக்கினேன். துரை அடுப்படிக்கு வந்தால் அடுப்பை அணை. உட்கார். கேள். திரும்பத் திரும்ப. முதலில் முரண்டு பிடித்தாள், கறி தாளித்துக்கொண்டே நின்றாள். யாரைப் பார்த்துச் செய்தேனோ அவள் புத்திதானே இருக்கும். சாயங்காலம் நான் எதையும் தொடவில்லை. துரை வந்தான். மகாராணி தானாகவே அடுப்பை அணைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

துரை வாயைத் திறந்தான். மூடினான். போய்விட்டான். பரவாயில்லை. இனி நாளைப் பகலில் பார்க்கவேண்டியவர் பார்ப்பார்.

மார்ச் 24, திங்கள்

ஒன்றும் இல்லை. நாற்காலி மட்டும் உயரத்தில் இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

துரை உட்கார்ந்தான்! மகாராணிக்கு எதிரில், அவளைப் போலவே நாற்காலியை இழுத்துப் போட்டு. இந்த ஆட்டத்தில் பேச்சு படமாகத்தான் தலைக்கு மேல் வரும். வந்தது. கருவிப் பெட்டி. அதன்மேல் குறுக்கே சிவப்புக் கோடு.

நான் பொங்கிப் பொங்கி அழுதேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மார்ச் 26, புதன்

இன்று சொல்லிவிட்டார்.

அடுப்படி வாசலில் வந்து நின்றார். நான் அடுப்பை அணைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டேன், என் வாழ்க்கையில் அதுதான் கஷ்டமான காரியம்.

கம்பெனியை வேறொருத்தன் வாங்கிவிட்டானாம். இவர் பிரிவையே எடுத்துவிட்டார்களாம். போன மாதக் கடைசியிலேயே. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல், அதே லிஃப்டில் இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தாராம்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதுல சொல்லிப் பாத்தேன். அதுலயும் வரல."

"தெரியும்."

"எப்படி?"

"பிழைன்னு கம்பெனிக்குப் புகாரே எழுதிட்டேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும்தான். சிரித்துக்கொண்டே இருந்தவர் என் முந்தானையைப் பிடித்து முகத்தை மூடிக்கொண்டார். தலையைத் தடவிக் கொடுத்தேன். குழம்பு ஆறிப்போய்விட்டது, அப்படியே சாப்பிட்டோம்.

ஏப்ரல் 9, புதன்

குழுவில் புதுசைப் பற்றி முடிவாக என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். சமையலறை அலமாரி இன்னும் மட்டம்தான் என்று எழுதினேன். அந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதையும் எழுதினேன். ஏன் என்று பூனைக்காரி கேட்டாள். எங்கள் வீட்டில் வேறொருவர் ஆடுகிறார் என்றேன்.

இன்று இவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், லிஃப்ட் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். கிடைக்குமோ என்னவோ. போன இரண்டு இடத்தில் கிடைக்கவில்லை, வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

நான் வந்தபோது ஆட்டம் திறந்தே இருந்தது. துரை வேலையை விட்டுவிட்டான். இவராக விடவைத்திருக்கிறார். தோட்டத்தில் மகாராணி பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான்.

உட்கார்ந்தேன். கால் தரையில் படவில்லை.

இறக்கவில்லை. காலைத் தொங்கப்போட்டுக்கொண்டே ஆடினேன்.