கழித்த இருபது

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எப்போதும் வழக்கத்துக்கு எழுதுகிற வரிதான், இந்த முறை மனசாரவே எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மகள் இன்று ஒரு கிலோ எண்ணூறு. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் அம்மாவின் நெஞ்சில் படுக்க வைத்தார்கள். மூக்கு நம் வீட்டு மூக்கு, பாவம், என்ன செய்வது. மருமகளுக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது, ஆனாலும் சில வாரம் மாத்திரை போட்டு தினமும் பார்க்க வேண்டுமாம். உன் அம்மா ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே குடித்தனம் நடத்துகிறாள், பக்கத்துக் கட்டில்காரர்களின் குடும்ப விவகாரமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. நம் வீட்டுப் பிரஷர் மெஷின், வாங்கிய புதிதில் ஒருநாள் எனக்குக் கிளினிக்கில் பார்த்ததைவிட இருபது கூடக் காட்டியது, அன்றிலிருந்து எது வந்தாலும் இருபதைக் கழி என்பது என் சட்டம். பிரசவத்துக்கு முன்னால் மருமகள் தலைவலி என்று பார்த்தபோது நூற்று அறுபது, நூற்று நாற்பதுதானம்மா, கொஞ்சம் படு என்றேன். மறுநாள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, மறுபடி பார்த்தாள், மறுபடி கழித்தேன். மூன்றாம் நாள் கண்ணுக்குள் என்னவோ மின்னுகிறது என்றாள், அதற்கும் நான் தலைவலி மாத்திரை வாங்கத்தான் கிளம்பினேன். மருந்துக்கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு மாத்திரை தரவில்லை. “கழிக்கிறதுக்கு இது என்ன கணக்குப் பரீட்சையா, முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். அங்கே நூற்று எழுபது. வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டு, அன்று மாலையே ஆபரேஷன். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு மெஷினையும் கொண்டுபோய்க் காட்டினேன், அது சரியாகத்தான் இருக்கிறதாம், அதனால் இப்போது நானும் மாத்திரை விழுங்குகிறேன்.

அவனுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்றாள் உன் அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. நேற்று போனில் முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று மருமகளைக் கடிந்துகொண்டாயாம். நான் பக்கத்தில்தான் நின்றேன். “நான்தாங்க கவனிக்காம விட்டுட்டேன்” என்று உன்னிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் அவளுக்குப் போன் பண்ணு, மறந்துவிடாதே. மூன்று நாளும் அவள் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா