மரம் மட்டும்

மவுண்ட் வெல்லிங்டன்
3 பிப்ரவரி 2024

அன்புள்ள கேதீஸ் அண்ணனுக்கு,

அண்ணியும் சிவானியும் சுகம்தானே? பொங்கலுக்கு அண்ணி கொடுத்தனுப்பிய பயத்தம் பணியாரத்தை நான் ஒருவனே தின்று தீர்த்தேன். வீட்டுக்காரி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் என்ற உரிமையில் கேட்கிறேன், ஒரு காரியம் ஆக வேண்டும். லைசென்ஸ் கிடைத்ததும், ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கி ஒன்று வாங்கினேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. அதை முதல் உலகப் போரில் நாம் குடிவந்த இந்த நாட்டுச் சிப்பாய்கள் தூக்கிப்போன துப்பாக்கி மாதிரியே மாற்ற ஆசை. இரும்பு வேலையைச் சேகரிப்பாளர் கிளப்பில் பார்த்துக்கொள்வேன். மரக்கட்டைதான் தொல்லை, யாரோ புண்ணியவான் பாதியில் அறுத்துத் தொலைத்திருக்கிறான். உங்கள் கை பட்டால்தான் தேறும்.

கிளப்பில் நம்ம ஆள் நான் ஒருத்தன்தான். டீ ஊற்றிக் கொடுக்கிறவனாகவே எத்தனை நாள் இருப்பது, சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
மதன்குமார்

*

பாபடோயிட்டோய்
11 பெப்ரவரி 2024

அன்புத் தம்பி மதனுக்கு,

உம்முடைய கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். ரதி அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து நின்றா. "துவக்கு இந்த வாசலை மிதிச்சால் நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டிடுவன், சொல்லிப்போட்டன்" என்கிறா. துவக்கோடு வந்தவர்கள் தன் தமையனை ஏற்றிக்கொண்டு போனதைப் பதினாறு வயதில் பார்த்தவ.

ஆகையால் இரும்பு உம்மோடேயே இருக்கட்டும். பழைய மரத்தையும் அளவையும் மட்டும் கொண்டு வாரும். எனக்கு லைசென்சும் இல்லை, அதில் விருப்பமும் இல்லை. உமக்காகத்தான் ஐசே!

ஒனிஹங்காவில் நான் குசினி அலுமாரி செய்கிற பட்டறையில் நல்ல வால்நட் மரத் துண்டு ஒன்று கிடக்கிறது. சாயம் இறங்கின தேயிலைத் தண்ணியைப் பூசிப் பூசிக் காயவிட்டால் மரத்துக்கு நூறு வயது கூடிவிடும். ஆனால் தோளில் முட்டுகிற பின்பக்கப் பித்தளைத் தகட்டுக்கு அடியில் என் பெயரையும் 2024 என்றும் குத்துவேன். அது என் வழக்கம். பழசு மாதிரிச் செய்யலாம், பழசு என்று ஏமாற்றக்கூடாது.

அண்ணன்
கேதீஸ்வரன்

*

மவுண்ட் வெல்லிங்டன்
2 மே 2024

அன்புள்ள அண்ணா,

நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்காததற்கு மன்னியுங்கள். எடுக்கத் தைரியம் இல்லை.

ஏப்ரல் போர் நினைவுநாள் கண்காட்சியில் எல்லோரும் அசந்துபோனார்கள். "இது முதல் உலகப் போரில் கலிபோலிச் சண்டை பார்த்த துப்பாக்கியா?" என்று கிளப் தலைவர் கேட்டார். ஆமா என்று வாயில் வந்துவிட்டது. அன்றைக்கே என்னைக் கமிட்டியில் சேர்த்தார்கள். நேற்று ஒரு கிழவர் தகட்டைக் கழற்றிவிட்டார். அடியில் உங்கள் பெயர், 2024!

எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள் அண்ணா. முழுத் துப்பாக்கியையும் நீங்கள்தான் அசல் என்று சொல்லி எனக்கு விற்றதாகச் சொல்லிவிட்டேன். கிளப் தலைவர் போலீசை அழைத்துவிட்டார், அவர்களுக்கும் அதையே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வந்தால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஓர் எச்சரிக்கையோடு போய்விடும். எனக்கு லைசென்சும் மரியாதையும் போய்விடும். அண்ணிக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி
மதன்

*

பாபடோயிட்டோய்
9 மே 2024

மதன்குமாருக்கு,

உம்முடைய கடிதம் வந்த அன்றே பொலிஸ் வந்தது. கதவைத் திறந்த ரதி, சீருடையைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டா. கராஜைக் கிளறினார்கள், கட்டிலைத் தூக்கினார்கள், சாமி அறையையும் விடவில்லை. "அப்பா, டூ வீ ஹாவ் எ கன்?" என்று சிவானி கேட்டாள். என் பிள்ளை என்னிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பற்றி எரிந்தது.

பொய் சொல்லிவிட்டேன் என்று அந்தக் கிழவர்களிடம் சொல்லியிருந்தால் இரண்டு நாள் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதானே? அதற்கு என் வீடா கிடைத்தது உமக்கு?

மரம் மட்டும் என்னுடையது, அந்தத் துவக்கைக் கண்ணாலும் கண்டதில்லை என்று சொன்னேன். உம்முடைய கடிதத்தைக் காட்டவில்லை. மதனை எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "என்ரை தம்பி" என்றேன்.

அப்போதுதான் அந்த அதிகாரி நீர் எழுதிக் கொடுத்ததை வாசித்தார். சிவானி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "சொல்லு பிள்ளை" என்றேன். "ஆளைத் தனக்குத் தெரியாதாம் அப்பா. ஆரோ ஒரு மரவேலைக்காரனாம்."

நான் எழும்பிப் போய் உம்முடைய கடிதத்தை எடுத்துவந்து அந்த அதிகாரியிடம் கொடுத்தேன்.

கேதீஸ்வரன்