கழற்றிக்கொண்டுபோன தெருவிளக்கு

ஐப்பசி 12, செவ்வாய்

காலையில் லைன்மேன் எங்கள் வாசல் கம்பத்திலிருந்த தெருவிளக்கைக் கழற்றினார். ஓடைப்பட்டி ரோட்டில் புதிதாகப் பிரித்திருக்கும் மனைகளில் மாட்டுவாராம்.

“அங்கன ஒரு வீடுகூட இல்லையேண்ணே?”

“லைட்டு எரிஞ்சாத்தான் பிளாட்டுக்கு அப்ரூவல் குடுப்பாக. நாளைக்கு ஆபீசர் பார்க்க வாராக. தெருக்காரவுக சம்மதிச்சு எழுதிக் குடுத்திருக்காகளே தாயி!”

தாளை வாங்கிப் பார்த்தேன். நான்கு கையெழுத்துகள். கடைசிக் கையெழுத்து என் வீட்டுக்காரருடையது மாதிரி இருந்தது. மாதிரிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் மகள் கல்லூரி விட்டு செல்போன் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி வந்தாள். “ஏம்மா தெருவே இருட்டாக் கிடக்கு?” என்றாள்.

பின்னாலேயே அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கை கழுவினார். சோறு போடச் சொன்னார். விளக்கு எங்கே என்று மட்டும் கேட்கவில்லை.