மனுவில் எழுதாமல் விட்டது

8 அக்டோபர் 1956, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடைக் கம்பி உடைந்து கிடக்கிறது. சரி செய்யக் கொடுக்கணும்.

ஆபீஸில் புது சூப்பிரண்டு, மதராஸிலிருந்து வந்தவர், வயது என்னுடையதில் பாதி. நான் எழுதிய பிரெஞ்சுக் குறிப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இத வச்சு நான் என்னங்க செய்யறது? இங்கிலீஷ்ல போடுங்க, இல்லேன்னா ரெக்கார்டு ரூமுக்குப் போயிடுங்க." சுற்றி இருந்தவர்கள் தலையைத் தூக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம், கவர்னருக்குப் போன காகிதமெல்லாம் என் கையெழுத்து. பிரெஞ்சுக்காரன் போய் இரண்டே வருஷம், நான் குப்பை. நாசமாய்ப் போக.

வீட்டில் சாம்பாரில் உப்பில்லை. தட்டை வீசினேன். சுவரெல்லாம் கறை. என் மனைவி கமலம் துணி எடுத்துத் துடைத்தாள். துடைத்து முடித்துச் சொன்னாள்: "யார்கிட்டயாவது போயி காட்டுங்க. தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் பொண்ண இட்டுகினு காலாப்பட்டுக்குப் போயிடுவேன்." காலாப்பட்டு அவள் அம்மா வீடு.

காட்டுவதாம். எதைக் காட்டுவது?

10, புதன்

நல்ல வெயில். நான் போய்ப் பார்த்தவர்கள்:

டாக்டர். நாக்கை நீட்டச் சொன்னார். நரம்புத் தளர்ச்சி, பன்னிரண்டு ஊசி. நான் வாய் திறப்பதற்குள் சீட்டு எழுதி முடித்துவிட்டார்.

ஜோசியர். சனியாம். சனிக்கு என் மேல் என்ன கோபமோ தெரியாது, எனக்கு இந்த ஆள் மேல் நிறைய.

மைத்துனர். ஒரு மணி நேரம் தன் கஷ்டத்தைச் சொன்னார். காபி குடித்துவிட்டு வந்தேன்.

இந்த ஊரில் எல்லாருக்கும் வாய்தான். காது யாருக்கு இருக்கிறது? குடையைச் சரி செய்யக் கொடுக்க மறந்துவிட்டேன்.

12, வெள்ளி

பேச விடாவிட்டால் போகட்டும், எனக்கு எழுதத் தெரியாதா? ஊரில் பாதி பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எனக்கே ஒன்று எழுதினேன். முழுத் தாள், இடது பக்கம் நாலு விரல் ஓரம், பத்திக்கு எண், மொத்தம் பதினொரு குறை. கடைசியில் 'கீழே கையொப்பமிட்ட மனுதாரர் மிகுந்த பணிவுடன்'.

டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன். படித்துவிட்டு, கையெழுத்து பிரமாதம் முசே என்றார், பழைய பிரெஞ்சு மரியாதையில். ஆனால் இது ஆபீஸ் மேலிடத்துக்குப் போக வேண்டியது, இடம் மாறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார். சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார், பாவி.

வாசலில் நின்று கிழிக்கப் போனேன். எழுத்து அழகாக இருந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

16, செவ்வாய்

கொட்டுகிறது மழை. ஊசிக்காகக் குருசுக்குப்பத்தில் மதாம் லூசி வீடு. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டிலேயே ஊசி போடுகிறார். என் சட்டைக் கையை மடித்துத் தொட்டுப் பார்த்தார். "முசே, கை கட்டையாட்டம் இருக்குது. ஊசி உடையும். செத்த உக்காருங்க."

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்தார். எனக்கு எரிச்சல். இந்தாங்க, படிங்க என்று மனுவைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இதுல ஆபீஸ்ல இருக்கறவங்க எல்லாரும் இருக்காங்க. உங்க வீட்டுல யாரையும் காணோமே?"

வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் எழுந்து போகவில்லை. மனுவை மடித்து என் பக்கம் தள்ளினார். சொல்ல நினைக்காததைச் சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுதாதது.

தட்டு வீசின மறுநாள் காலை. கொடியில் கிடந்த துண்டை எடுக்கக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற ராதா, என் மகள், பதினோரு வயசு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். சத்தியமாக அவளை ஒருநாளும் அடித்ததில்லை. சொல்லும்போதே மூக்கு ஒழுகியது. ஒரு பொம்பளை முன்னால். அசிங்கம்.

அவரிடமிருந்து ஆறுதல் ஒன்றும் வரவில்லை. "அவ குனிஞ்சப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன் என்றேன்.

"ம்" என்றார். கையைத் தொட்டுப் பார்த்து ஊசியைப் போட்டார். வலித்தது. "வெள்ளிக்கிழம வாங்க. பேப்பர் வேணாம்."

17, புதன்

குடை சரியாகி வந்துவிட்டது. சூப்பிரண்டு ரெக்கார்டு ரூம் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எடுத்து அவர் மூஞ்சியில் எறியாதது என் பெருந்தன்மை. பல்லைக் கடித்துக்கொண்டு மழையில் நடந்தேன், குடையை விரிக்கவே தோன்றவில்லை, தொப்பலாக நனைந்து வீட்டுக்கு.

கொடியில் துண்டு. அதற்குக் கீழே ராதா உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கதவருகிலேயே நின்றேன். கையைக் கீழேயே வைத்திருந்தேன்.

"துண்டு எடுக்கப் போறேம்மா" என்றேன்.

நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். எழுந்து, எக்கி, துண்டை அவளே உருவினாள். கிட்ட வரவில்லை. நின்ற இடத்திலிருந்து கையை முழுசாக நீட்டிக் கொடுத்தாள்.