நீ அங்கே, மாமா இங்கே

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு முன்னறையில் பல வருடங்களாக ஓய்வொழிச்சல் இன்றிக் கடகடத்து வந்த மின்விசிறி, சென்ற செவ்வாய்க்கிழமை மாலை தன் வாயை மூடிக்கொண்டது. காற்று வழக்கம்போல் வரும். இரங்கல் கூட்டம் கிடையாது.

மாமாதான் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு திருகாணியை முறுக்கினார். அவ்வளவுதான் விஷயமாம். இத்தனை வருடம் நாம் அதன் கீழே உட்கார்ந்து கத்திக் கத்திப் பேசியிருக்கிறோம். இப்போது சத்தம் இல்லை. பேசுவதற்கும் யாரிடமும் ஒன்றும் இல்லை.

உங்கள் கல்யாணச் சான்றிதழின் அசல் இந்தக் கவரில் இருக்கிறது. அங்கே காட்டிவிட்டு உடனே திருப்பி அனுப்பு. அடுத்த மாதம் இங்கே மறுபடியும் அசலைத்தான் கேட்பார்களாம். கூரியர் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, "என்ன தம்பி, கல்யாணம் மறுபடியும் வெளிநாடு கிளம்பிடுச்சா?" என்கிறார். உங்கள் இருவரில் யாரும் போகாத தேன்நிலவுக்கு அந்தக் காகிதம் ஒன்றே போய் வந்துகொண்டிருக்கிறது.

என் நண்பர்களுக்கு உங்கள் கதை புரிவதே இல்லை. அக்கா கட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரர் எங்கள் வீட்டில் இருக்கிறார், அக்கா அவர் ஊரில் இருக்கிறாள் என்றால், "டேய், மாத்திச் சொல்றே" என்கிறார்கள். நானும் பொறுமையாக விளக்குவேன். ஒன்றாவது கிடைக்காதா என்று, அக்காவுக்கு அங்கே, மாமாவுக்கு இங்கே என இரண்டு நாட்டிலும் குடியிருப்பு அனுமதி கேட்டு மனு போட்டார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் கிடைத்துத் தொலைத்தது. எந்த நாட்டில் நீண்ட நாள் தங்காமல் இருக்கிறோமோ, அந்த நாட்டு அனுமதி போய்விடும். அக்கா தன்னுடையதை விட்டுவிட்டு வருகிறேன் என்றால் மாமா வேண்டாம், கஷ்டப்பட்டு வாங்கியது என்பார். மாமா விட்டுவிட்டு வருகிறேன் என்றால் அக்கா அதையே திருப்பிச் சொல்வாள். சரி, கொஞ்ச நாள் இரண்டையும் காப்பாற்றி வைப்போம் என்று ஆளுக்கொரு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு ஒருவன் சொன்னான்: "விட்டுக்கொடுக்கிறதுல அப்படி ஒரு போட்டி போட்டு, கடைசில ஒருத்தரை ஒருத்தர் விட்டதுதான்டா மிச்சம்." கோபப்படாதே. சொன்னது அவன். நான் சிரிக்கக்கூட இல்லை.

மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே பாலம் கட்டியவர் இங்கே நம் முன்னறையில், அம்மாவின் தையல் கடையில் பட்டன் கட்டுகிறார். அவருடைய அனுமதியில் வேலை பார்க்கக் கூடாது என்று இருப்பதால் இதைப் பொழுதுபோக்கு என்று நாங்கள் அழைக்கிறோம். அம்மா "மாப்பிள்ளை, நூலு" என்பாள். எடுத்துக் கொடுப்பார். "மாப்பிள்ளை, சாப்பாடு" என்பாள். சாப்பிடுவார். பகல் முழுக்க இவ்வளவுதான் பேச்சு. நீ அங்கே மருத்துவமனைத் துணிகளை மடித்து அடுக்குகிறாய் என்று போனில் சொன்னாயாமே? படித்தது கணக்கு, பார்ப்பது அழுக்கு. சிரிப்பு வரவில்லை, இல்லையா? எனக்கும் எழுதும்போது வரவில்லை.

போன வாரம் மாமாவின் சட்டைக் கை இரண்டையும் முனையில் மூடித் தைத்து வைத்தேன். முன்பு என்றால் மொட்டைமாடி வரை துரத்தி வந்து காதைத் திருகுவார். இந்தத் தடவை கையை விட்டுப் பார்த்தார், போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். போட்டுக்கொண்டு முன்னறைக்கு, தையல் வேலைக்குப் போய்விட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இப்போது முக்கியமான செய்தி. நேற்று மதியம் மாமாவுக்கு அனுமதி தரும் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார். நீங்கள் இருவரும் சேர்ந்துதான் குடித்தனம் நடத்துகிறீர்களா என்று பார்ப்பதற்கு. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். கீழ்வீட்டில் அவர் நம் பெயரை விசாரிப்பது காதில் விழுந்ததும் உன் தம்பி என்ன செய்தான் தெரியுமா? உன் பழைய செருப்பை வாசலில் போட்டான். உன் பச்சைச் சட்டையை வாளியில் முக்கிக் கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டான். அவர் மாடி ஏறி வருவதற்குள் நீ இந்த வீட்டில் குளித்து, துவைத்து, நடமாடிக்கொண்டிருந்தாய். அம்மாவின் வாய் நிறையக் குண்டூசி. பொய் சொல்லும் சங்கடம் அவளுக்கு இல்லை.

"வீட்டுக்காரம்மா எங்கப்பா, கேட்டுச் சொல்லு" என்றார். மாமாவிடம் அவர் பாஷையில் கேட்டேன். மாமா பதில் சொன்னார். அவருடைய பாஷை எனக்குத்தான் தண்ணீர் பட்ட பாடாயிற்றே! மூச்சு விடாமல் மொழிபெயர்த்தேன்: "கடைத்தெருவுக்குப் போயிருக்காங்களாம் சார், இப்ப வந்துடுவாங்களாம்." அவர் சிரித்துவிட்டார். "கடைக்குப் போனவங்க இப்ப வர்றதாவது! எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மாமா இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கலாம். எந்தத் தூதரகமும் என்னைக் கொத்திக்கொண்டு போகும்.

அவர் போனதும் அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷமா?" என்றாள். மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா, மேலே பீற்றிக்கொண்டதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. மாமாவிடம் கேட்டது என்பதும் உன் பெயரைச் சொல்லிக் கையை விரித்துக் காட்டியதுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிய சொற்கள்: முத்திரை, தேதி, அசல், நகல். மாமா நேற்று ரொம்ப நேரம் பேசினார். இத்தனை மாதத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பாதி பட்டன் வைத்த சட்டையைக் கையில் பிடித்தபடியே பேசினார். நடுவில் உன் பெயர் வந்தது, இரண்டு தடவை. எனக்குத் தெரிந்த வேறு ஒரு சொல்லும் வரவில்லை. கடைத்தெரு என்பது என் வாயில் வந்த புளுகு. அதைக் கேட்டு மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குப் புரியாது. இந்த வீட்டில் யாருக்கும் புரியாது. அடுத்த முறை போன் செய்யும்போது அசல் வந்து சேர்ந்ததா என்று ஆரம்பிக்காதே. அன்றைக்கு என்ன சொன்னீங்க என்று கேள். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதே, அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி