மறுபக்க நிலையத்தின் வருகைப்பதிவு

நாள் 112, காலை 6.10

எழுதுவது முப்பிடாதி. இடம்: நிலாவின் மறுபக்க நிலையம். ஆள் ஒன்று. காற்று, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சீர். இங்கிருந்து பூமி தெரியாது. மேலே சுற்றும் ரிலே செயற்கைக்கோள் வழியாகத்தான் பேச்சு, அதுவும் எழுத்தில் மட்டும். திரையின் இடப்பக்கம் இந்தக் குறிப்பேடு, வலப்பக்கம் ரிலே ஜன்னல்.

ஏழு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கோமளவல்லி மேடம் பேர் கூப்பிடுவார். நான் "உள்ளேன் ஐயா" என்று அடிக்க வேண்டும். மேடத்துக்கு எதுக்கு ஐயா என்று கேட்காதீர்கள். முறை முடிந்து ஊருக்குப் போன ஸ்டானிஸ் அண்ணாச்சி கிளப்பிவிட்ட பள்ளிக்கூடப் பழக்கம் அது. அடுத்தடுத்து ரெண்டு நாள் பதில் வராவிட்டால் மீட்புக் கப்பல் கிளம்பும் என்பது விதி.

போன மாதம் ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன். திட்டு விழும் என்று பார்த்தேன். ஒருத்தரும் ஒண்ணும் கேட்கவில்லை.

நாள் 113, மாலை 4.40

சூரியப் புயல். நெட்வொர்க் கார்டு கருகிவிட்டது. ஆக்சிஜன் இயந்திரமும் போச்சு. சிலிண்டரில் மூணு வாரத்துக்குக் காற்று இருக்கிறது. கப்பல் வர பத்து நாள். நாளையும் மறுநாளும் என் பதில் போகாது, அவர்களே கிளம்பிவிடுவார்கள். பயம் ஒன்றும் இல்லை.

நாள் 116, காலை 9.00

இந்நேரம் கப்பல் கிளம்பியிருக்கும். இருந்தாலும் யாரிடமாவது பேசினால் தேவலை.

அண்ணாச்சியின் மேஜை டிராயரில் கருகிய கார்டுக்குப் பதிலாகக் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் ஒன்று கிடைத்தது. சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியதாம், அந்தப் பெருமையை ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். அவர் விட்டுப்போன விண்டோஸ் லேப்டாப்பில் சொருகினேன். "டிரைவர் மென்பொருள் இல்லை. இணையத்தில் தேடவா?" என்று கேட்கிறது. அட மூதி, இணையத்துக்குப் போகத்தானே உன்னைச் சொருகினேன்! அடாப்டர் பெட்டிக்குள் டிரைவர் சிடி இருக்கிறது. இந்த நிலா முழுக்கத் தேடினாலும் சிடி டிரைவ் கிடையாது.

நாள் 118, மதியம் 1.20

லேப்டாப்பில் 'சும்மா' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் அந்த சிடியை அப்படியே காப்பி எடுத்து வைத்திருக்கிறார் மனுசன். அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும்! நிறுவினேன், பச்சை விளக்கு எரிந்தது. கையைத் தட்டினேன். தட்டிய சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது.

ஆனால் ஆன்டெனா மென்பொருள் இருப்பது பெரிய கணினியில். அது லினக்ஸ். அடாப்டர் சொருகியிருப்பது அதற்குத் தெரிகிறது, என்ன சாமான் என்று தெரியவில்லை. டிரைவரை மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்ய வேண்டும். செய்தால் அதற்கு வேண்டிய கெர்னல் ஹெடர் கோப்பு இல்லையாம். இருநூறு வரி சிவப்பு எழுத்து.

நாள் 121, மாலை 6.15

ஹெடர் ஆய்வகக் கணினிப் பெட்டியில் இருந்தது. அதற்குத் தனி ஓஎஸ், ஆனால் அடியில் அதே கெர்னல். அந்தப் பெட்டியோ பென்டிரைவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ரெண்டுக்கும் நடுவில் கேபிள் போட்டு, ஐபி எண்களைக் கையால் கொடுத்து இழுத்தேன். கம்பைல் ஆகிவிட்டது. இவ்வளவு பேசியும் மூன்று கணினியில் ஒன்றுகூடத் திரும்ப "சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை.

நாள் 122, காலை 7.15

ரிலே கோளுக்குப் பழைய கார்டின் எண்தான் தெரியும். கருகிய கார்டின் ஸ்டிக்கரிலிருந்து அந்த எண்ணைப் படித்து, புது அடாப்டருக்குக் கொடுத்தேன். வந்த பதில்: "இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இணைந்திருக்கிறார். கேட்க மட்டும் அனுமதி."

ஒருவரா? இங்கே நான் மட்டும்தானே இருக்கிறேன்!

வலப்பக்க ஜன்னலில் எழுத்து ஓடியது.

"முப்பிடாதி?"

"உள்ளேன் ஐயா."

"நல்லது. வழக்கமான கப்பல் அடுத்த மாதம், திட்டப்படி."

அதை நான் அடிக்கவில்லை. என் கை மடியில் இருந்தது.

நாள் 122, காலை 11.30

ரிலே கோளின் பதிவில் பார்த்துவிட்டேன். சின்ன நிரல், பேர் 'பிள்ளைக்குப் ப்ராக்ஸி'. நான் பத்து நிமிடம் பதில் சொல்லாவிட்டால் என் பேரில் அதுவே சொல்லும். நான் தூங்கிப்போனால் திட்டு விழுமே என்று, காலேஜில் கூட்டாளிக்கு அட்டெண்டன்ஸ் கொடுப்பதுபோல் அண்ணாச்சி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐயோ அண்ணாச்சி. பாசத்தில் செய்தீர்கள். ஒன்பது நாளாக அது என் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கப்பல் எதுவும் கிளம்பவில்லை. அழுதேன். அழுதால் காற்று கூடச் செலவாகும், நிறுத்திவிட்டேன்.

நாள் 122, மாலை 5.00

ஒரே ஒரு வழி. ஒரே எண்ணை ரெண்டு பேர் விடாமல் இணைப்புக் கேட்டால் ரிலே கோள் ரெண்டு பேரையும் பூட்டிவிடும். பூட்டை, கோளுக்குப் பக்கத்தில் வரும் கப்பல்தான் திறக்க முடியும். பூட்டினால் அந்த ப்ராக்ஸி வாயை மூடும். நானும் ஊமை, வருவதைப் படிக்க மட்டும் முடியும். ஆனால் அங்கே ஆப்சென்ட் விழும்.

பேசத்தானே இத்தனை பாடு பட்டேன்.

கேட்டேன், மறுபடி கேட்டேன். பூட்டிக்கொண்டது.

நாள் 124, காலை 7.30

நேற்று: "முப்பிடாதி? முப்பிடாதி?" இன்றும் அதேதான். பதில் இல்லை. இருபது நிமிடம் கழித்து:

"ஏ பிள்ள, ஸ்டானிஸ் பேசுதேன். நான் போட்ட ப்ராக்ஸியும் பதில் சொல்லல. எத்தனை நாளா அது பேசிச்சுன்னு எனக்குத் தெரியல. தப்புப் பண்ணிட்டேன் பிள்ள. நானே கப்பல்ல வாரேன்."

வாங்க அண்ணாச்சி. வந்து நல்லா வாங்கிக் கட்டிக்கோங்க.

நாள் 131

தலைவலி. சிலிண்டர் ஒன்று கசிந்திருக்கு, இன்னைக்குத்தான் பார்த்தேன். படுத்தே கிடக்கேன். விளக்க அணைச்சுட்டேன். அடாப்டரோட பச்சைப் புள்ளி மட்டும் மினுங்குது. அதுக்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன்.

மேடம் கப்பலுக்கு அனுப்பினது எனக்கும் வந்துச்சு: "இறங்குவது கப்பலுக்கு ஆபத்து. நிலையத்திலிருந்து பதில் வந்தால் மட்டுமே இறங்க அனுமதி. இல்லையென்றால் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும்."

பதில் சொல்லிடுவேன். அதுக்குன்னுதான் முழிச்சுக் கிடக்கேன்.

நாள் 134

எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. ஜன்னலும் ரெண்டாத் தெரியுது. எது குறிப்பேடு, எது ரிலேன்னு

"பிள்ள, ரிலே பக்கத்துல வந்துட்டோம். பூட்டத் திறந்தாச்சு. ப்ராக்ஸியப் பிடுங்கி எறிஞ்சுட்டேன். இனி பதில் வந்தா அது நீதான். முப்பிடாதி?"

உள்ளேன் ஐயா

"முப்பிடாதி?"

உள்ளேன் அண்ணாச்சி. அடிச்சுட்டேனே

"ஒரே ஒரு எழுத்து அடி பிள்ள. எதுன்னாலும் போதும். ஒரு சுத்துதான் இருக்கு."

இந்தா அடிக்கேன்ல. எல்லாம் அடிக்கேன். நல்லா இருக்கேன் வாங்க. உள்ளேன்

"ஒண்ணும் வரல மேடம்."

உள்ளேன் உள்ளேன் உள்ளே